மண்டியா கிருஷ்ணப்பாவின் பிள்ளை

பாமா தன் அண்ணன் பிள்ளையை என்ன செய்தாள் என்பதற்கு பெங்களூரை அடுத்த எங்கள் ஹெப்பகோடியில் ஏழெட்டுக் கதைகள் இருந்தன. பம்பாய் சர்க்கஸ்காரனுக்கு விற்றுவிட்டாள் என்பது ஒன்று. கோலாரில் பிள்ளையில்லாத தம்பதிக்குக் கொடுத்துவிட்டாள் என்பது இன்னொன்று. குழாயடியில் ஒருத்தி, பாலத்துக்கு நரபலி கொடுத்துவிட்டாள் என்றாள். "எந்தப் பாலத்துக்குடி? இந்த ஊர்ல சாக்கடை மேல போட்ட கல்லைத் தவிர வேற பாலமே இல்லையே" என்று கேட்டேன். கொஞ்சமும் அசராமல், "இனிமே கட்டப்போற பாலத்துக்கு" என்றாள். கயிறு திரிப்பதில் நானும் சளைத்தவள் இல்லை. எங்கள் வீட்டு எலி பூனையைத் துரத்தியதை ஒரு தெருவே நம்பும்படி சொன்னவள். ஆனால் அந்தக் குழாயடிக்கு முன்னால் தோற்றுப்போய்க் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பாமா எங்கள் மாடி ஒற்றை அறையில் குடியிருந்தவள். குள்ளம், தடிமனான மூக்குக்கண்ணாடி, எண்ணெய் வைத்து இறுக்கிய பின்னல். எலெக்ட்ரானிக் சிட்டியில் டெலிவிஷன் உதிரி பாகம் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சால்டரிங் வேலை. அவள் ஈயம் வைத்து ஒட்டிய கம்பியைப் பிரிக்க வேண்டுமென்றால் டெலிவிஷனையே உடைக்க வேண்டும் என்பார்கள். கோபமும் அதே கெட்டி. பஸ்ஸில் கண்டக்டரோடு அவள் ஒரு வாக்குவாதம் ஆரம்பித்தால், வண்டி ஓசூர் போய்த் திரும்பி வந்த பிறகும் அது நடுவில்தான் இருக்கும்.

அவர்கள் குடும்பம் மைசூர் மகாராஜா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து உத்தியோகத்துக்கு வந்தது. தாத்தா அரசாங்கம், அப்பா அரசாங்கம், அண்ணன் சந்தானமும் அரசாங்கக் குமாஸ்தா. வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம். குழந்தைகளின் கன்னடத்தைக் கேட்டால் இவர்கள் தமிழர்கள் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பெரியவள் ஸ்வர்ணா, சின்னவன் தேஜஸ். அண்ணி வனஜா ஓசூர்க்காரி.

பாமாவுக்குக் கல்யாணம் ஆகாததற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் கம்பெனியில் வேன் ஓட்டிய சில்வெஸ்டரைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். சந்தானம் முடியாது என்றார். "வேதக்காரனுக்குக் குடுத்தா ஆபீஸ்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்?" என்றார். "உங்க தலை நிமிர்றதுக்கு நான் கழுத்தைக் குனியணுமா?" என்றாள் இவள். மூன்று மாதம் அண்ணனும் தங்கையும் பேசவில்லை. தேஜஸைத் தூது விட்டுக்கொண்டார்கள். "அத்தை, அப்பா சோறு கேக்கறாங்க." "உங்கப்பாவுக்குக் கை இருக்குன்னு சொல்லு." பிள்ளை அதை அப்படியே போய்ச் சொல்லும். சொல்லிவிட்டுத் தன் கையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளும். சில்வெஸ்டர் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தான். அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

காவிரித் தண்ணீருக்காக ஊர் பற்றிக்கொண்ட டிசம்பர் அது. தொண்ணூற்றொன்று. வனஜா, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையென்று முந்தின வாரமே ஓசூர் போயிருந்தாள். குழந்தைகள் பாமாவின் பொறுப்பு. பெங்களூர்ப் பக்கமிருந்து புகையும், தமிழர்களைத் தேடி அடிக்கிறார்கள் என்ற வதந்தியும் சேர்ந்து வந்தன. நல்லவர்களும் அதே தெருவில்தான் இருந்தார்கள். எதிர்வீட்டுக் கௌடா வீட்டம்மாள் பாமாவுக்குத் தன் புடவையைக் கொடுத்துத் கன்னடத்துக் கட்டாகக் கட்டிவிட்டாள். பெரிய சாலையில் வண்டிகளை நிறுத்துகிறார்கள் என்று தெரிந்ததும், ஆனேக்கல் வழியாகச் சுற்றிக்கொண்டு ஓசூர் போகிற டெம்போ ஒன்றில் பெண்டுபிள்ளைகளை மட்டும் ஏற்றினார்கள். சந்தானம் வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுகொண்டார்.

ஆனேக்கலுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையில் மரம் கிடந்தது. பின்னால் கூச்சல் கேட்டது. நெருங்கி வந்தது கூட்டமா, வெறும் கல்யாண ஊர்வலமா என்று யாரும் நின்று பார்க்கவில்லை. எல்லோரும் குதித்து ராகிக் கொல்லைக்குள் ஓடினார்கள். பாமா, தேஜஸின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடி, ஒரு சின்ன மாரியம்மன் கோயில் மேடைவரை வந்த பிறகு திரும்பிப் பார்த்தால் ஸ்வர்ணா இல்லை. குதித்தபோது கால் மடங்கி, டெம்போ சக்கரத்தை ஒட்டிக் கிடந்து அழுதுகொண்டிருந்தாள். பாமா ஐந்து வயதுப் பையனை மேடையில் உட்காரவைத்து, "அசையாதடா கண்ணு, அக்காவைத் தூக்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். ஒன்பது வயதுப் பெண்ணை முதுகில் போட்டுக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது மேடையில் பையன் இல்லை.

பக்கத்துக் கொல்லையில் இருந்த ஒரு குடியானவன் மட்டும், யாரோ ஒரு ஆள் பிள்ளையோடு பேசிக்கொண்டிருந்ததையும் பிறகு வேனில் ஏற்றிக்கொண்டு போனதையும் பார்த்ததாகச் சொன்னான். பிள்ளை அழவில்லையாம். தானாக ஏறிற்றாம்.

வேன் என்ற அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. பழக்கமில்லாத ஆளோடு பிள்ளை அழாமல் ஏறுமா? வேன் ஓட்டுகிறவன் யார்? பாமா மனதில் அண்ணன் மேல் வஞ்சம் இருப்பது யாருக்குத் தெரியாது? சந்தானம் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. வனஜாதான், பாமாவும் அவனும் சேர்ந்து பிள்ளையைக் கடத்திவிட்டார்கள் என்று சொன்னாள். சொன்னது கொடுமைதான், ஆனால் அவளை நான் ஒரு நாளும் முழுக்க வெறுக்க முடிந்ததில்லை. இரண்டு குழந்தைகளில் ஒன்றைத்தான் தூக்க முடிந்தது என்று ஒப்புக்கொண்டால், எதை விட்டிருக்கலாம் என்ற கேள்வி வரும். பெற்றவள் எப்படி அந்தக் கேள்வியைக் கேட்பாள்? ஸ்வர்ணா நொண்டிக்கொண்டு கண்முன்னால் நிற்கிறாள். அதைவிட, நாத்தனார் திருடினாள் என்று நினைப்பது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

போலீஸ் சில்வெஸ்டரைக் கூட்டிக்கொண்டு போயிற்று. அந்த நாளில் அவன் கோலார்த் தங்கவயலில் அம்மாவோடு இருந்தான் என்பதற்கு ஒரு பாதிரியாரும் ஒரு பல் டாக்டரும் சாட்சி. விட்டுவிட்டார்கள். வெளியே வந்தவன் பாமாவைப் பார்க்க ஒரு தடவை வந்தான். தெருமுனையில் நின்று பேசினார்கள். அவன் உதடு வீங்கியிருந்தது. "உன்னை நான் சந்தேகப்படல பாமா. ஆனா எனக்கு இனிமே தெம்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குமேல் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தங்கவயலிலேயே கல்யாணம் செய்துகொண்டான்.

அண்ணன் வீட்டில் பாமா தட்டை எடுத்துப் போட்டால் அந்தத் தட்டில் வனஜா சாப்பிடமாட்டாள். ஸ்வர்ணாவுக்குப் பாமா தலை பின்னினால் வனஜா அவிழ்த்துத் திரும்பப் பின்னுவாள். ஒரு நாள் பாமா ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "மாமி, மாடி ரூம் காலியா இருக்கா?" என்றாள். இருந்தது.

"உனக்கு இந்த ஊர் எதுக்குடி? வேற எங்கயாவது போயேன். வாயெல்லாம் உன் பேரா இருக்கு" என்றேன்.

"அவன் திரும்பி வந்தா இந்த ஊருக்குத்தானே வருவான்? நான் இல்லன்னா, ஓடிட்டா பாத்தியான்னு சொல்லுவாங்க. இருக்கேன்."

இருந்தாள். ஸ்வர்ணா தினமும் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் பாமா மாடிக் கைப்பிடிச்சுவரில் துணி காயப்போட வருவாள். துணி இல்லாத நாளில் காய்ந்த துணியையே நனைத்துக் காயப்போடுவாள். ஸ்வர்ணா ஏறிட்டுப் பார்க்காமல் போவாள். பார்த்தால் வீட்டில் அடி. ஸ்வர்ணா பெரியவளானபோது முதல் தண்ணீர் ஊற்ற வேண்டிய அத்தை இங்கே மாடியில் இருக்க, ஏதோ ஒரு தூரத்து உறவை ஆனேக்கலிலிருந்து வரவழைத்து ஊற்றவைத்தார்கள். அன்று மாடியில் சமையல் நடக்கவில்லை. நான் ஒரு கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு போனேன். "அங்கேருந்து வந்ததா?" என்று கேட்டாள். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எனக்குக்கூட அன்றைக்குப் பொய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தேடப் போவாள். பெங்களூர், ஓசூர், தர்மபுரி, சேலம் என்று அநாதை விடுதி விடுதியாக ஏறி இறங்கினாள். "தேஜஸ்னு பேரு. தமிழ் பேசற பையன். அப்பா பேரு சந்தானம். ஹெப்பகோடி" என்று ஒரே பாட்டு. போலீஸ் ஒட்டிய விளம்பரத்திலும் அதுதான் இருந்தது. போகப்போகத் தமிழ்நாட்டுப் பக்கமே அதிகம் போனாள். தமிழ்ப் பிள்ளையைக் கண்டெடுத்தவர்கள் தமிழ்நாட்டில்தானே கொண்டு சேர்த்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு. யாரும் அதைத் தப்புக் கணக்கு என்று சொல்லியிருக்க முடியாது.

இரண்டாயிரத்து மூன்றில் எலெக்ட்ரானிக் சிட்டி நாங்கள் அறிந்த ஊராக இல்லை. பாமாவின் கம்பெனி மூடிக்கொண்டது. அவள் வேறு ஒன்றில் சேர்ந்தாள். கண்ணாடிக் கட்டடங்கள் ராத்திரி விதைத்துக் காலையில் அறுத்ததுபோல் முளைத்தன. அமெரிக்காவில் ஒருத்தியின் வாஷிங் மிஷின் தண்ணீர் கக்கினால் இங்கே ஒரு பெண் போனை எடுத்து மன்னிப்புக் கேட்டாள். ஸ்வர்ணாவுக்கு அப்படி ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. பயிற்சியின்போது ஒரு நாள் மத்தியானமே கம்பெனி வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தி இறங்கி, நேராக மாடிக்குப் போனாள். அப்போது நான் இட்லி மாவுக் கிண்ணத்தோடு மாடிப்படியில் இருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை. காது திறந்திருந்தது, அவ்வளவுதான்.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா நீ இங்க வந்தது?" பாமாவின் குரல்.

"தெரியாது அத்தை."

"அப்ப இறங்கிப் போ. எனக்கு இருக்கற பேரே போதும்."

"கம்பெனில எனக்குப் பேர் மாத்திட்டாங்க அத்தை. சூசனாம். போன்ல அப்படித்தான் சொல்லணுமாம்."

"அதுக்கு நான் என்னாடி பண்றது?"

"கேளுங்களேன். பயிற்சி குடுக்கறவர் என் பேர் என்னன்னு கேட்டார். நான் டக்குனு கீதான்னு சொல்லிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. கீதா யாருன்னு கேட்டாங்க. எனக்கே தெரியல. வண்டில வரும்போதுதான் நினைப்பு வந்துச்சு. நான்தான் அத்தை கீதா."

ஸ்வர்ணா அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். டெம்போ கிளம்பின அன்று காலை, பாமா உள்ளே மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, சந்தானம் குழந்தைகள் இரண்டையும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வழியில் யார் கேட்டாலும் உன் பேர் கீதா, இவன் பேர் மஞ்சுநாத், அப்பா பேர் கிருஷ்ணப்பா, ஊர் மண்டியா. தமிழில் ஒரு வார்த்தை வரக்கூடாது. சரியாகச் சொன்னால் ஒரு பிஸ்கட். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் இட்லி என்று சொல்லாதே, ராகி முத்தே என்று சொல், களிக்கு அதுதான் கன்னடம். தேஜஸ் மட்டும் ஒவ்வொரு தடவையும், "முத்தே, சக்கரை தொட்டுக்கிட்டு" என்றானாம். முத்தேக்கு யாருடா சக்கரை தொட்டுக்கொள்வார்கள் என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டாராம். பிறகு அத்தையிடம் சொல்லாதீர்கள், அத்தை கத்துவாள் என்றாராம். பிள்ளை தொலைந்த பிறகு ஒரு நாள், அந்த விளையாட்டைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று ஸ்வர்ணாவிடம் தனியாகச் சொன்னாராம். அவளும் பேசவில்லை. பேசாத பேச்சு உள்ளேயே எங்கோ போய்ப் படுத்துக்கொண்டது.

"அவன் பேர் என்னன்னு சொன்னே?" என்றாள் பாமா.

"மஞ்சுநாத்."

"ஊரு?"

"மண்டியா."

கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. "பன்னெண்டு வருஷமா தேஜஸ் தேஜஸ்னு கேட்டுக்கிட்டுத் திரிஞ்சேனே ஸ்வர்ணா! தமிழ்ப் பையன், தமிழ்ப் பையன்னு சேலம் வரைக்கும் போனேன். அவன் அப்பன் சொன்னதைக் கேக்கற புள்ளடி. யாரோ கேட்டிருப்பாங்க. சமத்தாச் சொல்லியிருப்பான்."

மறுநாளே இருவரும் மண்டியாவுக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே விசாரித்து, ஊர்க்கோடியில் இருந்த ஒரு பையன்கள் விடுதியின் வாசல்வரை போனார்கள். கேட்டுக்கு வெளியே பாமா நின்றுவிட்டாள்.

"நீ போ."

"வாங்க அத்தை, என்னா இது?"

"நான் உள்ள போய் அவனைக் கூட்டிட்டு வந்தேன்னா உங்கம்மா என்ன சொல்லுவா? ஒளிச்சு வச்சவளுக்குத்தானே இடம் தெரியும்னு சொல்லுவா. நீ போய்ப் பாரு. இருந்தா வந்து சொல்லு. இல்லன்னா ஒண்ணும் சொல்லாத. பேசாம பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடலாம்."

எதிரே கரும்புச்சாறு வண்டி. அதன் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். வாங்கின சாற்றைக் குடிக்கவில்லை. நுரை அடங்கி, ஈ வந்து, ஈயும் போரடித்துப் பறந்துபோனதாம்.

உள்ளே சமையற்கட்டில் ஒரு வயதான ஆயா அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். கலவர டிசம்பர், மஞ்சுநாத் என்றதும் முறத்தைக் கீழே வைத்தாள். மத்தூர்த் தேங்காய் வியாபாரி ஒருவர் ஓசூர் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு வரும்போது, கோயில் மேடையில் தனியாக உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்தாராம். பெயர் கேட்டால் சொல்கிறது, ஊர் கேட்டால் மண்டியா என்கிறது. நம் பக்கத்துப் பிள்ளை கலவரத்தில் சிக்கிக்கொண்டதே என்று பதறி வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். போலீஸ் விடுதியில் சேர்த்தது. "கிருஷ்ணப்பாவின் மகன் என்று சொல்லிற்று. மண்டியாவில் கல்லை எறிந்தால் ஒரு கிருஷ்ணப்பாமேல் விழும் அம்மா! விளம்பரம் கொடுத்தோம். எத்தனை கிருஷ்ணப்பாக்கள் வந்து பார்த்தார்கள் தெரியுமா? ஒருத்தருக்குக் கூட இது தன் பிள்ளை என்று சொல்ல வாய் வரவில்லை. பாவம், வரும் ஒவ்வொரு கிருஷ்ணப்பாவையும் இது நம்பிக்கையாகப் பார்க்கும். ரொம்ப நாள் ராத்திரியில் ஏதோ வேற பாஷையில் முணுமுணுக்கும். யாராவது பக்கத்தில் வந்தால் உடனே நிறுத்திவிடும்."

"முத்தே சாப்பிடுமா?" என்று ஸ்வர்ணா கேட்டாள்.

ஆயா சிரித்துவிட்டாள். "அதை ஏன் கேட்கிறாய்! முத்தேக்குச் சக்கரை கேட்ட பிள்ளையை நான் இந்த ஜன்மத்தில் அது ஒன்றைத்தான் பார்த்தேன்."

பையன் ஐடிஐயில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கிரீஸ். உதட்டுக்கு மேலே பென்சிலால் கோடு போட்டதுபோல் மீசை. காது இரண்டும் சந்தானத்தின் காதுகள். அதை அழிக்க எந்த விடுதியாலும் முடியவில்லை. ஸ்வர்ணா கன்னடத்தில் எல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். அப்பா, அம்மா, வீடு, எதுவும் நினைவில் இல்லை என்றான். "யாரோ ஒரு பொண்ணு என் பிஸ்கட்டைப் புடுங்கிட்டு அடிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அது நீங்களா?"

"நான்தான்" என்றாள் ஸ்வர்ணா.

அவள் பையனுக்கு முன்னால் கேட்டைத் தாண்டி வந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாமா அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டாள். எழுந்து, புடவை மடிப்பைத் தட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். "சொல்லாதேன்னேன் இல்ல. வா, போலாம்."

ஸ்வர்ணா ஓடிப்போய் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். பாமா திரும்பினாள். கிரீஸ் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். பாமா அவனைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. கரும்புச்சாற்றுக்காரனிடம், "இன்னொரு கிளாஸ் குடுப்பா. ஐஸ் போடாத. இவனுக்குச் சளி பிடிக்கும்" என்றாள். பிறகுதான் ஸ்டூலைத் தேடி உட்கார்ந்தாள்.

ஆனால் அவனைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. "உங்கப்பாவை வரச் சொல்லு. அவர் வாயால அவன்கிட்ட சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாயங்காலம் சந்தானம் வீட்டில் நடந்ததை ஸ்வர்ணா எனக்குப் பிறகு சொன்னாள். பையன் கிடைத்துவிட்டான் என்றதும் வனஜா கத்தியது தெருவுக்கே கேட்டது. யார் கண்டுபிடித்தது என்று தெரிந்ததும் அந்தக் கத்தல் பாதியில் நின்றது.

"அவளா? அப்ப அவளுக்கு இத்தனை வருஷமும் தெரிஞ்சிருக்கு. மண்டியால கொண்டு வச்சிருக்கா! நான் அப்பவே சொன்னேனா இல்லையா?"

பாமா கேட்டுக்கு வெளியே நின்று சொன்னது அப்படியே நடந்தது. ஸ்வர்ணா நாற்காலியில் இருந்த அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கீதா யாருப்பா?"

சந்தானம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பேசாம இருந்தீங்கன்னா அத்தைதான் திருடி. இன்னிக்கு மட்டும் இல்ல, சாகற வரைக்கும். சொல்லுங்க."

சந்தானத்தை நான் கோழை என்று எழுதலாம். எழுதினால் சுலபம். ஆனால் அவர் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். பேசினால் பெண்டாட்டி போவாள். பேசாவிட்டால் தங்கை போவாள். பன்னிரண்டு வருஷமாகத் தங்கையைத்தான் விட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பெண் எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான்தான் சொல்லிக்குடுத்தேன்" என்றார். "போலீஸ்ல எழுதிக்கிறப்ப எதிர்ல உக்காந்திருந்தவர் கன்னடக்காரர். உங்க ஜனத்துக்குப் பயந்து என் புள்ளைக்குப் பொய்ப்பேர் வச்சேன்னு அவர்கிட்ட எப்படிச் சொல்றது? அரசாங்கச் சம்பளம் வாங்கறவன். நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ பாமாவைச் சொல்லிட்டே. நீ சொன்னப்புறம்... அதுவாத்தான் இருக்கும்னு எனக்கும் தோணிடுச்சு வனஜா. தோணவச்சுக்கிட்டேன்."

அந்த இன்ஸ்பெக்டரை எனக்குத் தெரியும். பாமா வாக்குமூலம் கொடுத்த அன்று, தன் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்து, தனக்கும் அதே வயதில் பிள்ளை இருக்கிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்ட மனுஷர். சந்தானம் சொல்லியிருந்தால் கோபித்திருக்கவே மாட்டார். மறுநாள் காலையில் மண்டியாவுக்குத் தகவல் போயிருக்கும்.

வனஜா செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்து மாடியேறினாள். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. நான் பின்னாலேயே ஏறினேன். இரண்டு பேரில் யாராவது யாரையாவது தள்ளிவிட்டால் பிடிக்க ஒரு ஆள் வேண்டாமா? பாமா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வனஜா அறையைச் சுற்றிப் பார்த்தாள். டிரங்குப் பெட்டி, பாய், கொடியில் ஒரு புடவை.

"இந்த ரூம்ல காத்தே இல்லையே பாமா" என்றாள்.

"ஜன்னலைத் திறந்தா வரும் அண்ணி."

வனஜாவே போய் ஜன்னலைத் திறந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதாள். பாமா அவளைத் தேற்றவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அடுப்பை இன்னொரு தடவை துடைத்தாள்.

கோர்ட், ரத்தப் பரிசோதனை என்று சில மாதம் இழுத்தது. சந்தானம் மண்டியாவுக்குப் போய்ப் பையன் எதிரில் உட்கார்ந்து தன் வாயால் சொன்னார். பையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் சரியாச் சொன்னேனா?" என்று மட்டும் கேட்டானாம். அதற்கப்புறம் சந்தானத்தின் தலைமுடி முழுக்க வெளுத்ததைப் பார்த்தேன். இந்தத் தடவை நான் கூட்டிச் சொல்லவில்லை.

பையன் மஞ்சுநாத் என்ற பேரை விடமாட்டேன் என்றான். ஐடிஐயை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றான். தமிழ் வரவில்லை. வீட்டுக்குள் அவனுக்காக எல்லோரும் கன்னடம் பேசினார்கள். வனஜாவின் ஓசூர்க் கன்னடத்தைக் கேட்டு அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். லீவுக்கு வந்து நாலு நாள் இருப்பான். அம்மா அவன் சாப்பிடும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து அழுதால் பிள்ளை என்ன செய்யும்? சட்டையை மாட்டிக்கொண்டு அத்தையின் மாடிக்கு வந்துவிடுவான். இங்கே யாரும் அழமாட்டார்கள். பழுதான ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஈயத்தை உருக்குவார்கள்.

உகாதிக்கு அவன் வந்திருந்தபோது ஓசூரில் வனஜாவின் அம்மா இறந்துபோனார். சந்தானமும் ஸ்வர்ணாவும் வேலையிலிருந்தே நேராகப் போய்விட்டார்கள். வனஜா பையனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பாமா! நான் போயிட்டு நாளான்னிக்கு வர்றேன். இவனைப் பாத்துக்கோ."

மாடிக் கைப்பிடிச்சுவருக்கு மேலே கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"பாத்துக்கறேன் அண்ணி. நீங்க ஜாக்கிரதையாப் போங்க."

வனஜா திரும்பிப் பார்க்காமல் போய் ஆட்டோ ஏறினாள்.

அரை மணி கழித்து மஞ்சுநாத் ஷேவிங் பிளேடு வாங்க முனைக்கடைக்குக் கிளம்பினான். அவனுக்கு நாலு அடி பின்னால் பாமா. அவன் நின்று திரும்பி, "ஏன் அத்தே பின்னாலேயே வர்றீங்க? நான் என்ன பாப்பாவா?" என்று கன்னடத்தில் கேட்டான். "யாரு உன் பின்னால வந்தது? நான் கொத்தமல்லி வாங்கப் போறேன்" என்றாள். அந்தக் கடையில் கொத்தமல்லி விற்பதில்லை என்பது ஹெப்பகோடி முழுக்கத் தெரியும். அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு நடந்தான். பாமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எட்டி எட்டி நடந்து, அந்த நாலு அடியை இரண்டாகக் குறைத்துக்கொண்டாள்.